சண்டை என்று குறித்த வீடுகள்

ஜூன் 9, திங்கள்

இன்று எந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. எந்திரம் என்று நான்தான் சொல்கிறேன். அதை எங்களுக்காகத் தயார் செய்த முகைதீன் 'மாடல்' என்கிறான். இயக்குநர் ரத்தினபாய் மேடம் 'ஏஐ' என்கிறார்.

மகன் வீட்டில், மருமகளோடு வாழும் வயதான பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்று எங்கள் ஆய்வு மையம் மாவட்டம் முழுக்க எடுத்த சர்வே இது. பேட்டியும், அதற்கிடையே வீட்டார் பேசிக்கொண்டதுமாக, ஆயிரத்துச் சொச்சம் வீடுகளின் பேச்சு ஒலிப்பதிவாகக் கிடக்கிறது. அதைக் கேட்டு எழுத்தாக்கி, எழுத்தைப் படித்து, ஒவ்வொரு வீட்டையும் 'இணக்கம்', 'சண்டை', 'துன்புறுத்தல்' என்று மூன்றில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் ஒரு வருஷம் இழுக்கும். எந்திரம் இந்த வாரத்துக்குள் முடித்துவிடுமாம். அது குறித்ததை வைத்து மாவட்டத்துக்கே கணக்குச் சொல்வது என் வேலை. புள்ளியியல்காரி எப்போதும் பந்தியில் கடைசி.

காலையில் அத்தையிடம் வழக்கம்போலத் திட்டு. இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

"ஏட்டி செம்பகம், அந்தக் கம்ப்யூட்டரா ஒனக்குச் சோறு போடுது? தின்னுத் தொலைச்சிட்டுப் போ. வயித்தக் காயப்போட்டு நீ செத்தேன்னா, தூக்கிப்போட இங்க யாரு இருக்கா?"

உண்மைதான், யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பாளையங்கோட்டை வீட்டில் அவருடைய அம்மாவும் நானும்தான்.

நான்கு இட்லி தின்றுவிட்டுப் போனேன்.

ஜூன் 13, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஏறக்குறையப் பாதி வீடுகள் 'துன்புறுத்தல்'.

ரத்தினபாய் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது வெளிய போனா என்னாகும்னு தெரியுமா? ஒவ்வொரு தெருவுலயும் மருமகள்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுவாங்க. ஸ்டேஷன்ல கூப்பிட்டு உக்கார வைப்பாங்க." இந்த மாத முடிவிலேயே சமூக நலத்துறைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதை ஜூலை முடிவுக்குத் தள்ளிக் கேட்டிருக்கிறார்.

பாதி இருக்குமா? இருக்கலாம். உலகத்தைப் பற்றி எனக்கு அப்படியொன்றும் உயர்வான எண்ணம் கிடையாது. ஆனாலும் 'துன்புறுத்தல்' என்று குறித்தவற்றில் சிலவற்றை எடுத்து வாசித்தேன். முக்கூடலில் ஒரு மருமகள் மாமியாரிடம் சொல்கிறாள்: "சவத்து மூதி, அந்த மாத்திரைய முழுங்கித் தொலையேன். ஒன்னோட மாரடிச்சே எனக்கு ஆயுசு போயிரும் போல." அதற்கு மாமியார்: "நீ மொதல்ல காப்பியக் குடி, பேதில போவா." எந்திரம் இதில் உடல்நலத்துக்கு மிரட்டல், இழிசொல், மரண சாபம் மூன்றையும் கண்டுபிடித்திருக்கிறது.

எனக்கு அங்கே ஒரு காப்பியும் ஒரு மாத்திரையும்தான் தெரிந்தன.

ஜூன் 16, திங்கள்

முகைதீனிடம் சொன்னேன். அவன் மேலப்பாளையத்துப் பையன், கெட்டிக்காரன். கோபித்துக்கொள்ளவில்லை. "சோதிச்சுப் பாத்துருவோம்க்கா" என்றான். எங்கள் வீட்டில் காலையில் நடந்த பேச்சை அப்படியே தட்டச்சு செய்து எந்திரத்துக்குக் கொடுத்தேன். குளியலறை வாளியை நான் தண்ணீர் நிரப்பாமல் விட்டதற்கு வாங்கிய திட்டு அது. எந்திரம் யோசித்தது. 'கடுமையான துன்புறுத்தல். பாதிக்கப்பட்டவர்: இளைய பெண். உடனடியாக உதவி எண்ணைத் தொடர்புகொள்ளப் பரிந்துரைக்கிறேன்.'

"அக்கா, ஒங்க வீட்டுக்குப் போலீஸ் அனுப்பணுமாம்."

அறை முழுக்கச் சிரிப்பு. மேடம்கூடச் சிரித்தார். பிறகு அவரே, "செண்பகவல்லி, அப்போ இதுல எது நெசம், எது இல்லைன்னு எப்படிச் சொல்லப்போற?" என்று கேட்டார்.

ஜூன் 18, புதன்

கோவில்பட்டியிலிருந்து ஆவுடை மதினி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அத்தையின் ஒரே மகள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மதினி வந்தாள். கடலைமிட்டாய், வாழைத்தார், அத்தைக்கு இரண்டு சேலை. நல்ல மனுஷி. சாப்பிட்டு முடித்ததும் அடுக்களைக்கு வந்து என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்தாள்.

"அம்மைய நான் கூட்டிட்டுப் போறேன், செம்பகம்."

"ஏன் மதினி?"

"ஒனக்கு என்ன வயசாயிட்டு? எத்தனை நாளைக்கு எங்கம்மைக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டுக் கெடப்ப? ஒனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா? அவ இங்க இருக்குத வரைக்கும் நீ எதையும் யோசிக்கமாட்ட. தம்பி இருந்தா அவனும் இதத்தான் சொல்லுவான்."

கூடத்தில் அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள் வந்ததும் என்னைப் பார்த்து, "நீ என்னட்டி சொல்லுத?" என்றாள்.

"ஒங்க இஷ்டம் அத்தை. எனக்கு ஒரு சிரமமும் இல்ல. நீங்க எங்க இருந்தாலும் நல்லாயிருந்தாச் சரி."

முறையாகத்தான் சொன்னேன். வயதில் பெரியவர்களை அங்கே போங்கள், இங்கே இருங்கள் என்று சொல்ல நான் யார்? பெற்ற மகள் கூப்பிடுகிறாள்.

அத்தை "சரி" என்றாள். திட்டவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். ஏற்றிவிட்டு அலுவலகம் போனேன். வீடு சுத்தமாக இருக்கிறது. வேலை பார்க்க வசதி.

ஜூன் 27, வெள்ளி

வழி ஒன்று பிடித்திருக்கிறோம். எந்திரம் எல்லா வீடுகளையும் படித்தது படித்ததாக இருக்கட்டும். அவற்றிலிருந்து குலுக்கல் போட்டு ஒரு பங்கு வீடுகளை எடுத்து, எழுத்தைப் பாராமல், குரலையே மனிதர்கள் கேட்டுக் குறிப்பது. எந்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு சறுக்குகிறது என்று அந்தப் பங்கில் தெரிந்துவிட்டால், மொத்தக் கணக்கையும் அதற்குத் தக்கபடி திருத்திவிடலாம். எந்திரத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம், அது சொல்வதை வேதமாக எடுக்கவும் வேண்டாம்.

கேட்கிறவர்கள் இரண்டு பேர்: நானும் லீதியாளும். லீதியாள்தான் பாதி வீடுகளுக்கு நேரில் போய்ப் பேட்டி எடுத்தவள். தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு பிறகு ஒப்பிடுகிறோம். திட்டெல்லாம் பாசம் என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்த எனக்கு இன்று மதியமே ஒரு அடி விழுந்தது. ஒரு வீட்டில் அதே சொல், "செத்துத் தொலை." அதற்குப் பின்னால் தட்டு சுவரில் மோதும் சத்தம். அப்புறம் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. ஒப்பிட்டபோது இருவருமே 'துன்புறுத்தல்' என்று குறித்திருந்தோம்.

சொல்லை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்தச் சொல்லுக்கு அடுத்தாற்போல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

அத்தை போன் செய்தாள்.

"நல்லாயிருக்கியா?"

"நல்லாயிருக்கேன் அத்தை. நீங்க?"

"எனக்கென்ன, நல்லாயிருக்கேன். சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி, வச்சிருதேன்."

ஜூலை 2, புதன்

உடம்பு சரியில்லையா என்று முகைதீன் கேட்டான். அவன் அம்மா கொடுத்துவிட்ட நெய்ச்சோறு என் மேசையில் இருந்தது. ஒருவேளை என்னைப் பார்த்தால் பிஸ்கட் தின்று வாழ்கிறவள் மாதிரித் தெரிகிறதோ என்னவோ.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர்த் திருவிழா. உள்ளூர் விடுமுறை. தேர் பார்க்க டவுனுக்குப் போகவில்லை. இந்த வருஷம் யாரையும் கூட்டத்தில் கை பிடித்து அழைத்துப் போக வேண்டியதில்லை என்பதால் நிம்மதியாகத் துணி துவைத்தேன். ஒரு ஆள் துணி சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூலை 10, வியாழன்

இன்று கேட்ட பதிவைப் பற்றி எழுத வேண்டும். ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். பேட்டி கொடுத்தவர்களின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இங்கேயும் எழுதவில்லை.

எந்திரம் அந்த வீட்டைத் தயக்கமே இல்லாமல் 'இணக்கம்' என்று குறித்திருந்தது. எழுத்தில் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். 'வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?' 'ஒரு குறையும் இல்லை. தங்கத் தட்டில் வைத்துத் தாங்குகிறோம்.' 'மனக்கஷ்டம் ஏதாவது?' 'அப்படியெல்லாம் எதுவும் கிடையாது.'

தாங்குகிறோம். தாங்குகிறார்கள் இல்லை.

குரலைக் கேட்டபோது எல்லாம் விளங்கிவிட்டது. பதில் முழுக்க மருமகளின் குரல். மென்மையான, மரியாதையான குரல். மாமியாரைக் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். எழுத்தாக்கும்போது எந்திரம் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. பேட்டி முடியும் இடத்தில், தூரத்தில், காற்று மாதிரி இன்னொரு குரல்: "எம்மா, கொஞ்சம் தண்ணி தாரியளா?" எழுத்தில் அந்த இடத்தில் 'தெளிவற்ற ஒலி' என்று இருந்தது.

லீதியாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாந்தான் குடுத்தேன்க்கா, அப்போ திண்ணைலதான் கெடந்தாவ. ரெண்டு சொம்பு மடமடன்னு குடிச்சாவ. வெயிலுக்குன்னு நெனச்சேன். ஆனா அன்னைக்கி பூரா மனசே சரியில்ல. அடுத்தடுத்து வீடு, அப்படியே போயிட்டு."

மேடத்திடம் சொன்னோம். "நாளைக்கே போங்க" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

போனோம். அந்த மருமகள் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். தன் மாமியார் தூங்குவதாகச் சொன்னாள். எழும்பும் வரை இருக்கிறோம் என்றேன். வெகுநேரம் இருந்தோம். கடைசியில் லீதியாள் எழுந்து, "நான் போய்ப் பாத்துட்டு வந்துருதேன், என்ன?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் நடந்தாள். மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஒரு அறை. கதவை வெளிப்பக்கம் கொண்டி போட்டு அடைத்திருந்தது.

அந்த அம்மாள் பாயில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ச் செம்பு எட்டாத உயரத்தில் ஜன்னல் கட்டையில் இருந்தது. லீதியாள் அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள்.

நான் கத்தத்தான் திரும்பினேன். மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் குரல் உயரவில்லை. "தண்ணி குடிச்சா படுக்கைய நனைச்சிருதாவ. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தொவைப்பேன்? அவிய மவன் வெளிநாட்டுல இருக்காவ. ரெண்டு புள்ளைய, மாடு, வயக்காடு. யார்ட்டப் போயிச் சொல்ல? கேக்குதவங்களுக்கு எல்லாம் 'நல்லாயிருக்கோம்'னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டு."

எனக்குக் கத்த வரவில்லை. கத்தியிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மேடமே நேரில் போய்ச் சமூக நலத்துறை அதிகாரியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் இப்போது ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். நன்றாகப் பேசுகிறார். அவருடைய தம்பி மகள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள். தன் வீட்டுக்கே கூட்டிப் போகப்போகிறாளாம். அந்த மருமகளும் வந்திருந்தாள். துவைத்து மடித்த சேலைகளை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லீதியாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

'இணக்கம்' என்று குறித்த வீடுகளில், ஒரே குரல் பதில் சொல்லும் வீடுகளை எல்லாம் தனியே பிரிக்கும்படி முகைதீன் எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவற்றுக்கு மறுபடி ஆள் போகும். மாமியாரைத் தனியாக வைத்துப் பேசுவார்கள்.

அத்தை போன். நல்லாயிருக்கிறாளாம். நானும் நல்லாயிருக்கிறேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

ஜூலை 24, வியாழன்

அத்தை போன் செய்து பத்து நாளாகிவிட்டது போலிருக்கிறது. நான் செய்தேன். மதினிதான் எடுத்தாள். "அம்மை சரியாவே சாப்பிட மாட்டேங்கா. கேட்டா பசிக்கலைங்கா. சண்டைகூடப் போட மாட்டேங்கா செம்பகம், மருவாதியாப் பேசுதா. எனக்கே பயமாயிருக்கு." போனை அத்தையிடம் கொடுத்தாள்.

"நல்லாயிருக்கேன்மா" என்றாள் அத்தை.

'மா' போட்டாள். எனக்கு. 

ஜூலை 30, புதன்

சமூக நலத்துறையோடு கூட்டம் முடிந்தது. பெரிய அதிகாரி ஒருவர், பொறுமைசாலிதான், ஆனால் அவசரத்தில் இருந்தார்.

"மேடம், ஒரே ஒரு எண் சொல்லுங்க. மீட்டிங் மினிட்ஸ்ல ஏத்திக்கிடுதோம்."

ரத்தினபாய் மேடம் என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் பாதி வீடுன்னு சொல்லிச்சு சார். அது தப்பு. மனுஷங்க கேட்டுத் திருத்தின கணக்குப்படி எட்டு வீட்டுக்கு ஒண்ணுல இருந்து நாலு வீட்டுக்கு ஒண்ணு வரைக்கும் இருக்கலாம்."

"எட்டுக்கும் நாலுக்கும் எவ்வளவு தூரம் இருக்கு! இவ்வளவு அகலமாவா சொல்லுவாங்க?"

"இதுக்கு மேல ஒடுக்கினா அது பொய் சார்."

என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது என்று பிறகுதான் உறைத்தது. அவர் பேனாவை மூடினார். "சரி, பொய் வேண்டாம். என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

நோட்டீஸ் வேண்டாம் என்றோம். சண்டை போடுகிற வீட்டையெல்லாம் போலீஸ் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் மாமியாரையும் மருமகளையும் தனித்தனியே கேட்கிற ஆள் வேண்டும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வேண்டும் என்றோம். முதலில் இரண்டு ஒன்றியங்களில் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் மேடம் என் முதுகில் தட்டினார். முகைதீன் எல்லாருக்கும் அல்வா வாங்கித் தந்தான்.

சந்தோஷமான நாள். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜூன் 22 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். 'எனக்கு ஒரு சிரமமும் இல்ல.' சேரன்மகாதேவி அம்மாளின் வீட்டுப் பேட்டியில் இருந்தாலும் பொருந்தியிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோவில்பட்டிக்குப் போனேன். சொல்லிக்கொள்ளவில்லை. மதினி வீட்டில் ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னம் கிளறிக்கொண்டிருந்தார்கள். அத்தை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா. நல்லாயிருக்கியா?" என்றாள், விருந்தாளியைக் கேட்பதுபோல.

பஸ்ஸில் வரும்போது பேச வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அது எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"என்ன வாம்மா? யாரு ஒங்களுக்கு அம்மா? ஒங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா அத்தை? 'ஒங்க இஷ்டம்'னு ஒரு பேச்சுக்குச் சொன்னா, ஒடனே பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவீங்களா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அந்த வீட்ல ஒருத்தி தின்னாளா, செத்தாளான்னு கேட்டீங்களா? நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்னு போன் வேற! எலும்பும் தோலுமா உக்காந்துக்கிட்டு என்ன நல்லாயிருக்கு? எனக்கு யாரும் வேண்டாம்னு நான் சொன்னேனா? எப்பவாச்சும் சொன்னேனா?"

அத்தையிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. மதினியின் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டார். மதினி கரண்டியோடு வாசல்படியில் நின்றாள். அழுதுகொண்டிருக்கிறேன் என்பது மூக்கைச் சிந்தியபோதுதான் தெரிந்தது.

அத்தை முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாட்டி, வாய? கேட்டியா அவ பேச்ச?" முகம் பூராவும் மலர்ந்துகிடந்தது. "இவள மூணு நேரமும் பட்டினி போட்டு வளத்த மாதிரிப் பேசுதா. சவத்து மூதி, தனியா விட்டா இப்படித்தான் ஓணான் மாதிரி ஆவான்னு எனக்குத் தெரியாதா? ஆவுடை, மொதல்ல இலையப் போடு. ரெண்டு பேருக்கும் போடு. பசிக்கி."

மதினி பரிமாறும்போது என் தோளில் கை வைத்தாள். "நான் ஒன் நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செம்பகம்…"

"தெரியும் மதினி. நானும் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்லா."

சாயங்கால பஸ்ஸில் புறப்பட்டோம். அத்தைக்கு ஜன்னல் சீட். கயத்தாறு வரை வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ஆவுடை சொன்னதுலயும் ஞாயம் இருக்குட்டி. நீ யாரையும் கட்டிக்கிடணும்னா கட்டிக்கோ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நான் அவள் மடியில் இருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆனா எவன் வந்தாலும் நான் ஒங்கூடத்தான் இருப்பேன். அவன்ட்ட மொதல்லயே சொல்லிரு."